முறையின் பெயர் அப்புறம், முதலில் லைனுக்குப் போங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனியில் மேனேஜராகவோ சூப்பர்வைசராகவோ பொறுப்பேற்று, "இங்கே வேலை நடக்கிற விதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி பண்ணணும்" என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்தவுடனே லீன், சிக்ஸ் சிக்மா என்று ஏதாவது ஒரு மேலாண்மை முறையின் பெயரைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அவை தப்பானவை இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு இடத்துத் தொல்லைக்குப் பிறந்த பதில். சிக்ஸ் சிக்மா 1980களில் மோட்டரோலாவில் பழுதைக் குறைக்க உருவானது. லீனுக்கு மூலமான டொயோட்டாவின் முறையோ, போருக்குப் பிறகு முதலீடு போதாத நிலையில், தேவையான அளவு மட்டும் செய்தே ஆக வேண்டிய கட்டாயத்தில் வளர்ந்தது. உங்கள் தொல்லை எது?

அது ஆபீஸ் அறையில் தெரியாது. செக்கிங் டேபிள் பக்கத்தில் ஒரு ஷிப்ட் முழுக்க நில்லுங்கள். பழுது என்று திருத்தத் திருப்பி அனுப்புவதை அங்கே ஆல்டர் என்பார்கள். "ஏனுங்க அக்கா, எந்த ஆல்டர் திரும்பத் திரும்ப வருதுங்க?" என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள். ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, எந்த ஆல்டர், எந்த மெஷின், எத்தனை மணிக்கு என்று ஒரு வாரம் கோடு மட்டும் போடச் சொல்லுங்கள், போதும்.

உதாரணமாக, துணியில் ஊசி ஓட்டைதான் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். ஊசி மழுங்கினால் பின்னல் துணியின் இழை அறுபடும், இது எல்லா டெய்லருக்கும் தெரியும். பிறகு ஏன் மாற்றுவதில்லை? உடைந்த துண்டு துணியில் போய்விடக் கூடாது என்று ஊசியைப் பூட்டி வைத்திருப்பார்கள், பழையதைக் கொடுத்துத்தான் புதியதை வாங்க வேண்டும், எழுந்து போய்க் காத்திருந்தால் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கணக்கில், அவருடைய கூலிதான் குறையும், அதனால் மழுங்கிய ஊசியிலேயே ஓட்டுகிறார். இங்கே டெய்லருக்குப் பயிற்சி வகுப்பு எடுத்து என்ன பயன்? மெக்கானிக்கே குறிப்பிட்ட நேரத்தில் ஊசிப் பெட்டியோடு தையல் லைனில் வந்து, பழையதை வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுக்கட்டும். ஒரே ஒரு லைனில் ஒரு வாரம் செய்து, பக்கத்து லைனின் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறையவில்லையா, விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் முதலாளியிடம் பேசி முடிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உற்பத்தி கூடியது என்று பீஸ் ரேட்டைக் குறைத்தாலோ, ஒரு ஹெல்பரை வீட்டுக்கு அனுப்பினாலோ, அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், திறக்கவும் கூடாது. ரேட் குறையாது, ஆள் குறையாது என்பதை எல்லோர் முன்னாலும் அவரே சொல்லட்டும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யோசனை கேட்டு யாரிடமும் போகாதீர்கள், அது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

யோசனை சொன்னவருக்கு இரண்டு நாளில் பதில் போக வேண்டும். முடியாது என்றாலும் காரணத்தோடு சொல்லுங்கள். டொயோட்டாவில் தொழிலாளி கயிற்றை இழுத்துச் சிக்கலைச் சொல்லலாம் என்பதை எல்லோரும் வியப்பார்கள். இழுத்தவுடன் குழுத் தலைவர் அங்கே வந்து நிற்பதால்தான் அந்தக் கயிற்றுக்கு மதிப்பு.

ஒரே முறையைப் பிடித்து ஜெயித்தவர்களும் உண்டு. சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு முழுத் தர மேலாண்மை வழியில் போய் 1998ல் தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசு வாங்கியது. ஆனால் அதற்குப் பின்னால் பல வருட உழைப்பு இருக்கிறது.

முதல் தொல்லை தீர்ந்ததும் அடுத்ததை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், லைனில் இருப்பவர்களிடம் விடுங்கள். அயர்ன் டேபிளுக்கு மேலே ஃபேன் ஓடவில்லை என்பார்கள். சரி, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.