சுவர் விரிசல் வளர்கிறதா? பழைய போன் கேமராவால் அளக்கலாம்

தேவனாம்பட்டினத்தில் எங்கள் மாடி அறை ஜன்னல் மூலையிலிருந்து மேலே சாய்வாக ஒரு விரிசல். கொத்தனார் பார்த்துவிட்டு, "பூசிட்டா போச்சு சார்" என்றார். பூசுவதற்கு முன், அது வளர்கிறதா, சும்மா நிற்கிறதா என்று தெரிய வேண்டாமா?

முதலில், ஆர்டுயினோவில் (சின்ன மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை) மாட்டும் சின்ன லேசர் தூர சென்சாரை வாங்காதீர்கள். நான் வாங்கி ஏமாந்தேன். அதன் பிழையே சில மில்லிமீட்டர். நமக்கு வேண்டியது 0.1 மி.மீ. மாற்றம். பழைய போன் போதும், அதற்குள்ளும் ஒளி சென்சார்தானே இருக்கிறது! 4000 பிக்சல் அகலப் படத்தில் 80 மி.மீ. சுவரை அடக்கினால் ஒரு பிக்சல் 0.02 மி.மீ.

விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் பூச்சு கழன்றிருக்கிறது. அங்கே செங்கல் தெரியும்வரை சுரண்டுங்கள். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு ஓ.ஹெச்.பி. ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அரால்டைட் பசை வைத்து ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக 20 மி.மீ. இடைவெளியில் இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

டிரைபாடில் போனை வைத்து, டைமர் போட்டு எடுங்கள். படத்தில் தூரம் அளக்க உதவும் இமேஜ்ஜே (ImageJ) மென்பொருளில் இடது ஜோடியை 20 மி.மீ. என்று அளவுகோலாக வைத்து, இடது மேல் புள்ளிக்கும் வலது மேல் புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் குறியுங்கள். அப்புறம் வலது ஜோடியையும் அளங்கள். அது 20 வராவிட்டால் கேமரா சாய்ந்திருக்கிறது, அந்தப் படம் வேண்டாம்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்துதான். மதியம் எடுத்த அளவு எப்போதும் விடியற்காலை அளவைவிடக் கூடுதலாக வந்தது. வீடு போச்சு என்றே பயந்தேன். பிறகுதான் கணக்குப் போட்டேன். 3 மீட்டர் கான்கிரீட் தளம் 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.3 மி.மீ. நீளும். வெயிலில் மொட்டைமாடித் தளம் சுவரைத் தள்ளுகிறது, இரவில் பின்வாங்குகிறது. ஆகவே தினமும் விடிவதற்கு முன், ஒரே நேரத்தில் எடுங்கள். வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். வாரக்கணக்கில் அந்த விடியற்காலை எண் ஏறினால்தான் கவலை.

பாலங்களில் ஒட்டும் ஃபைபர் பிராக் கிரேட்டிங் சென்சாருக்கும் (நீட்சியை ஒளியால் அளக்கும் கண்ணாடி இழை) இதே தலைவலிதான். 1550 நானோமீட்டர் ஒளியில் ஒரு டிகிரி மாறினாலே எட்டு மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் எட்டுப் பங்கு) இழுத்த மாதிரி காட்டும். அதனால் பாரம் படாத இன்னொரு சென்சாரைப் பக்கத்தில் வைத்து, வெப்பத்தின் பங்கைக் கழிப்பார்கள்.

பின்சேர்க்கை: ஐப்பசி மழையில் தன் வீட்டு விரிசல் சுருங்குகிறது என்று புதுச்சேரியிலிருந்து ஒருவர் எழுதினார். விசாரித்தால், புள்ளிகளைச் சாதாரணத் தாளில் அச்சடித்திருக்கிறார். ஈரத்தில் தாள் உப்பி, அளவுகோலாக வைத்த 20 மி.மீ.யே நீண்டுவிட்டது! அதனால்தான் விரிசல் சுருங்கிய மாதிரி தெரிந்தது.

இன்னொருவருக்கு பீமின் அடியில், கம்பி போகும் வழியே விரிசல், கூடவே துருக்கறை. அதை அளந்துகொண்டிருக்காதீர்கள். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடித்து கான்கிரீட்டைப் பிளக்கும். கடலோரக் கான்கிரீட்டில் விரிசல் அகலத்துக்கு ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை) விடும் வரம்பே பொதுவாக 0.1 மி.மீ.தான். உடனே ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.