மயக்க ஊசிக்கு முன்னால் பயத்தை இறக்குவது எப்படி?

ஆபரேஷன் தியேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இது. நான் பாளையங்கோட்டையில் மயக்க மருந்து டெக்னீஷியன். மருந்தும் அளவும் டாக்டர் பாடு. பயத்தை இறக்குவதில் பாதி நம் பாடு.

முந்தின நாள் சாயங்காலமே வார்டுக்குப் போங்கள். நின்றுகொண்டே பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். "பயப்படாதீங்க" என்று ஆரம்பிக்க வேண்டாம், "எதை நினைச்சு பயமா இருக்கு?" என்று கேளுங்கள். களக்காட்டுப் பக்கத்து ஆச்சி ஒருவர், இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு வந்திருந்தார். "முழிச்சிருவனாய்யா?" என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கவலை பல்செட். எல்லார் முன்னாலும் கழற்றச் சொல்வார்களாம்! தியேட்டர் வாசல் வரை வாயிலேயே இருக்கட்டும் என்றேன். முகமே மாறிவிட்டது.

அடுத்து, பட்டினிக் கணக்கு. இட்லி மாதிரி லேசான சாப்பாடு என்றால் 6 மணி நேரம், பாலுக்கும் அதே. தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை பெரும்பாலும் குடிக்கலாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும் என்ற காரணத்தையும் சொல்லுங்கள். இல்லையென்றால் விடியக்காலை கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு, திட்டுவோம் என்று பயந்து மறைப்பார்கள்.

உள்ளே வந்ததும் மானிட்டர் சத்தம்தான் முதலில் மிரட்டும். "இது உங்க நெஞ்சுத் துடிப்புதான்" என்றால் போதும். பிரஷர் பட்டை கையை இறுக்கும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போடும்போதுதான் நம் வேலையே இருக்கிறது. முன்னால் நின்று தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். "இறால் மாதிரி வளைங்க ஆச்சி" என்றால் நம் ஊரில் உடனே புரியும். மருந்துத் தண்ணி துடைக்கும் முன் "ஜில்லுன்னு இருக்கும்", தோலில் ஊசி இறங்கும் முன் "எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குங்கும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சொல்லாமல் தொட்டால் துள்ளுவார்கள்.

பிறகு கால் சூடாகி, கனத்து, அசையாமல் போகும். கால் போச்சு என்று அழுதவர்கள் உண்டு. சில மணி நேரத்தில் திரும்பிவிடும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். "ஒண்ணுமே தெரியாது" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். தொடுவதும் இழுப்பதும் தெரியும். வலி தெரிந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது. நடுக்கம் வந்தால் போர்வை.

பதற்றத்தைத் தணிக்கும் மிடாசோலம் மருந்தைப் போட்டால் ஆள் அமைதியாகிவிடுவார்தானே என்று கேட்பீர்கள். டாக்டர் தேவைக்குக் கொடுப்பார். வயதானவர்களுக்கு அதனாலேயே குழப்பம் வரலாம் என்பதால் அதை நம்பிப் பேச்சைக் குறைக்காதீர்கள். முழு மயக்கம் என்றால், கண் சொருகும்வரை கை அவர் கையில் இருக்கட்டும். அந்த நேரம் தியேட்டரில் சினிமாக் கதை வேண்டாம், காது இன்னும் கேட்கும்.

முடிந்து வார்டுக்குப் போகும்போது, கால் கட்டைவிரல் அசைந்ததும் கூப்பிடச் சொல்லுங்கள். அந்த ஆச்சி இரண்டு காலையும் ஆட்டிக் காட்டிவிட்டு, முதலில் கேட்டது பல்செட்டை.