ஒரே துகளில் காந்தமும் மருந்தும்: ஊட்டி லேபில் சறுக்கும் இடங்கள்

எம்.ஃபார்ம் ப்ராஜெக்டுக்கு நுண்துளைக் காந்த நானோ துகளைத் தலைப்பாக எடுப்பவர்கள் வருடா வருடம் உண்டு. நடுவில் இரும்பு ஆக்சைடு, சுற்றிலும் துளை நிறைந்த சிலிக்கா உறை. இரும்பு எம்.ஆர்.ஐ.யில் தெரியும், துளைக்குள் மருந்து உட்காரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வேலைக்காகச் செய்கிற ஒவ்வொரு படியும் இன்னொரு வேலையில் கை வைக்கும். பெரும்பாலான தவறுகள் அதைக் கவனிக்காமல் விடுவதில்தான் தொடங்குகின்றன.

முதலில் நம் மலைக்கே உரிய தவறு. செய்முறையில் ‘அறை வெப்பநிலை’ என்று இருந்தால் 20 முதல் 25 டிகிரி என்று அர்த்தம். ஜனவரி காலையில் ஊட்டி லேபில் அந்தச் சூடு எங்கே இருக்கும்? சிலிக்காவில் துளை விழுவதற்கு அச்சாகப் போடும் சி.டி.ஏ.பி. என்ற சோப்பு போன்ற வேதிப்பொருள், வெறும் தண்ணீரில் சுமார் 25 டிகிரிக்குக் கீழே கரைந்து நிற்காது. வெள்ளை வெள்ளையாகப் படிகம் பிரியும். ஸ்டிரர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், அந்த வெள்ளையைப் பார்த்து சிலிக்கா வந்துவிட்டது என்று நினைப்போம். கடைசியில் உறை இருக்கும், துளை சரியாக இருக்காது. கரைசலை 30, 35 டிகிரிக்குச் சூடாக்கித் தெளிந்த பிறகே எடுங்கள். ஹாட் பிளேட்டில் தெரியும் எண்ணை நம்பாமல் தெர்மாமீட்டரைக் குடுவைக்குள்ளேயே வையுங்கள்.

ரீஃப்ளக்ஸும் (ஆவியைக் குளிரவைத்துக் குடுவைக்கே திருப்பி, தொடர்ந்து கொதிக்கவிடுவது) அப்படித்தான். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனால் இங்கே ஏறக்குறைய 72-இல் கொதிக்கும். சென்னையில் எழுதிய நேரக் கணக்கை அப்படியே எடுத்தால் வேலை பாதியில் நிற்கலாம். நேரத்தைக் கூட்டுங்கள், தீசிஸில் உண்மையான வெப்பநிலையை எழுதுங்கள்.

அப்புறம், அந்த சி.டி.ஏ.பி.யை வெளியேற்றும் படி. எனக்குத் தெரிந்து அதிகம் கெடுவது இங்கேதான். வெறும் சிலிக்காவாக இருந்தால் 550 டிகிரியில் காற்றில் சுடுவது வழக்கம். உள்ளே மேக்னடைட் (காந்தத்தன்மை உள்ள இரும்பு ஆக்சைடு) இருக்கும்போது அதையே செய்தால் இரும்பு ஆக்ஸிஜனை வாங்கி காந்தத்தன்மை மிகக் குறைந்த ஹேமடைட்டாக மாறக்கூடும். கருப்பாக உள்ளே போன பொடி செங்காவி நிறத்தில் வெளியே வரும், காந்தத்தைக் காட்டினால் அசையக்கூட யோசிக்கும். ஸ்கேன் வேலை அத்தோடு போச்சு. அமோனியம் நைட்ரேட் கலந்த எத்தனாலில் மிதமான சூட்டில் இரண்டு மூன்று முறை கழுவி எடுப்பதே மேல்.

கழுவியது போதுமா என்று பார்க்காமல் விடுவது அதைவிட மோசம். சி.டி.ஏ.பி. தானே செல்களைக் கொல்லும் விஷம். மிச்சம் இருந்தால் புற்றுநோய் செல்கள் சாகத்தான் செய்யும், நாமும் மருந்து வேலை செய்கிறது என்று கிராஃப் போடுவோம். மருந்தேற்றாத வெறும் துகளையும் அதே செல்களில் போட்டுப் பாருங்கள். வைவாவில் முதல் கேள்வியே இதுவாக இருக்க வேண்டும், பல நேரம் யாரும் கேட்பதில்லை.

மருந்தேற்றும் கணக்கில் இரண்டு எண்கள் குழம்பும். 100 மில்லிகிராம் துகளுக்கு 5 மில்லிகிராம் டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைப் போட்டு 4.5 ஏறினால், 90 சதவீதம் ஏறிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் மொத்த எடையில் மருந்து சுமார் 4.3 சதவீதம்தான். 50 மில்லிகிராம் மருந்து கொடுக்க ஒரு கிராமுக்கு மேல் துகளை ரத்தத்தில் ஏற்ற வேண்டும். இரண்டு எண்ணையும் எழுதுங்கள். துகளைப் பிரித்த பிறகு மேலே நிற்கும் தெளிந்த நீரில் எவ்வளவு மருந்து மிச்சம் என்று மட்டும் அளந்து கழிப்பதும் ஆபத்து. குழாய்ச் சுவரில் ஒட்டியது, கழுவும்போது போனது எல்லாம் துளைக்குள் இருப்பதாகக் கணக்கில் வந்துவிடும்.

எம்.ஆர்.ஐ.யில் துகள் எவ்வளவு தெரிகிறது என்ற அளவை உறை போடும் முன்பே எடுத்து வைத்துக்கொள்வது இன்னொரு பழக்கம். உறை தண்ணீரை இரும்பிலிருந்து தள்ளி வைக்கும், மதிப்பு மாறும். மருந்தும் ஏறிய முழுத் துகளை அளங்கள். இந்தத் துகள் பெரும்பாலும் படத்தை இருட்டாக்கித்தான் காட்டும். பழைய ரத்தக்கசிவும் காற்றும்கூட இருட்டாகத் தெரியும் என்பதால் ஊசிக்கு முந்தைய படம் கட்டாயம்.

‘காந்தம் வைத்தால் மருந்து நேரே புற்றுக்கட்டிக்குப் போகும்’ என்று முன்னுரையில் எழுதாதீர்கள். தூரம் கூடக் கூட இழுவிசை சட்டென்று குறையும். தோலுக்கு அருகே நடப்பது கல்லீரல் ஆழத்தில் நடக்காது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் வந்த கணக்குப்படி, செலுத்திய நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்வது நடுமதிப்பாக 0.7 சதவீதம். மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். இரும்பு ஆக்சைடை 1996-இல் அமெரிக்காவில் அனுமதித்ததே கல்லீரல் ஸ்கேனுக்குத்தான்.

சரி, சேமிப்பு. ஓவனில் காயவைத்த துகள் கட்டி தட்டினால் மறுபடி பிரிவது கஷ்டம், திரவமாகவே குளிரில் வையுங்கள். ஆனால் மருந்தேற்றி அப்படி வைத்தால் அது மெல்லக் கசியும். எனவே துகளை மொத்தமாகச் செய்துகொள்ளலாம், மருந்தைச் சோதனைக்குத் தேவையான அளவு அவ்வப்போது ஏற்றுங்கள்.