வி.ஆர். கணினி: காசெல்லாம் கார்டுக்கே போனால்?

சென்ற வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி, சென்னை ரிச்சி தெருக் கடையொன்றில் வாங்கிய கொட்டேஷன் சீட்டுடன் வந்து நின்றான். கண்ணில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகுக்குள் ஆடும் வி.ஆர். ஹெட்செட்டுக்கென்றே ஒரு கணினி சேர்க்கப்போகிறானாம். சீட்டில் இருந்த தொகையில் பாதிக்கு மேல் கிராபிக்ஸ் கார்டு விழுங்கியிருந்தது. பிராசஸர் இருப்பதிலேயே மலிவானது. ராம் 16 ஜிபி, அதுவும் ஒரே ஸ்டிக். "கார்டு பெரிதாக இருந்தால் போதும் என்றார்கள் அண்ணா" என்றான். 2018இல் என் சட்டைப்பையில் இருந்ததும் இதே சீட்டுதான், எண்கள்தாம் வேறு.

சாக்கெட் பொருந்துமா, கேபினெட்டுக்குள் கார்டு நுழையுமா என்பதையெல்லாம் கடைக்காரரே பார்த்துக்கொள்வார். அவர் பார்க்காதவற்றைச் சொல்கிறேன்.

## கார்டை மட்டும் பார்ப்பது

மானிட்டரில் ஆடும்போது நொடிக்கு 60 பிரேம் (அதாவது 60 படம்) 50 ஆனால் பலருக்குத் தெரியவே தெரியாது. ஹெட்செட் அப்படி விடாது. 90 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 90 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் 11.1 மில்லிவினாடிதான் கெடு. கெடு தொடர்ந்து தப்பினால் வேகம் 45க்கு இறங்கும். இடையில் உள்ள பிரேம்களை மென்பொருள் ஊகித்து இட்டு நிரப்பும். கண் ஏமாந்தாலும் வயிறு ஏமாறாது.

அப்போது என்னிடம் இருந்தது எச்டிசி வைவ் ஹெட்செட், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. கையை முகத்துக்கு முன்னால் பக்கவாட்டில் ஆட்டினால் கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலரின் விளிம்பு இரண்டாகத் தெரியும். பத்து நிமிடத்தில் தலை கனக்கும். கடையில் கேட்டேன். "கார்டு பத்தவில்லை சார்" என்றார்கள். யோசிக்காமல் அதை விற்று, மேலே கணிசமாகப் போட்டு 1080 வாங்கினேன். கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டுபோன காலம். விலையைச் சொன்னால் வீட்டில் இன்றும் சண்டை வரும். புதுக் கார்டை மாட்டிக் கையை ஆட்டினேன். விளிம்பு இரண்டாகவே தெரிந்தது.

அதற்குப் பிறகுதான், ஹெட்செட்டை இயக்கும் மென்பொருளான ஸ்டீம்விஆரில் பிரேம் நேர வரைபடம் என்று ஒன்று இருப்பதைப் பார்த்தேன். கார்டுக்கு ஒன்று, பிராசஸருக்கு ஒன்று. கார்டு 6 மில்லிவினாடியில் வேலையை முடித்துவிட்டுக் காத்திருந்தது. பிராசஸரின் கோடு 11ஐத் தாண்டித் தாண்டி முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. எதை வரைய வேண்டும் என்று பிராசஸர் சொன்னால்தான் கார்டு வரையும். காய் நறுக்கி வராத அடுப்படியில் பெரிய அடுப்பு வாங்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

இன்னொரு 8 ஜிபி ராம் ஸ்டிக் வாங்கி, பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் இரண்டையும் மாட்டினேன். ஒற்றை ஸ்டிக் என்றால் ஒற்றை வழி. இரண்டு என்றால் தரவு இரு வழிகளில் ஓடும். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸைத் திறந்தபோது இன்னொரு கூத்து: டப்பாவில் 3000 என்று போட்டிருந்த ராம், அதை முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போடாததால் இத்தனை நாளும் 2133இல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. முட்கள் பாதியாகக் குறைந்தன. மீதி, அடுத்த ஆண்டு பிராசஸரை மாற்றியதும் போயின. 1080க்குப் போட்ட காசு போட்டதுதான்.

விமானம், கார்ப் பந்தய சிமுலேட்டர்கள் ஆடுபவர்கள் 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி போன்ற 96 எம்பி கேச் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) உள்ள பிராசஸர்களைத் தேடிப் போவதும் இதனால்தான். விமர்சனங்களில் வரும் சராசரி பிரேம் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். சராசரி 110 வந்தாலும், நடுநடுவே தப்பும் பிரேம்கள்தாம் உங்களைக் கட்டிலில் படுக்கவைக்கும்.

## பெட்டியில் போட்ட எண்ணை நம்புவது

இதற்காகக் கார்டில் கஞ்சத்தனம் செய்யச் சொல்லவில்லை. வால்வ் இண்டெக்ஸ் என்ற ஹெட்செட்டின் திரை கண்ணுக்கு 1440×1600 பிக்சல். ஆனால் லென்ஸ் வளைவை ஈடுகட்ட, ஸ்டீம்விஆர் 100 சதவீதத்தில் கண்ணுக்கு 2016×2240 வரைகிறது. இரு கண்ணுக்கும் சேர்த்து ஏறக்குறைய 90 லட்சம் பிக்சல். 4கே திரைக்கே 83 லட்சம்தான்.

## டிஸ்ப்ளேபோர்ட்டை எண்ணாதது

கார்டின் பின்னால் கேபிள் செருகும் துளை அது. இண்டெக்ஸுக்கு ஒன்று வேண்டும். மானிட்டருக்குப் போக மீதி இருக்கிறதா என்று பாருங்கள்.

## வைஃபை டாங்கிள்

வேண்டாம். குவெஸ்ட் 3 ஹெட்செட்டைக் கம்பியில்லாமல் இணைத்தால் படம் சுருக்கப்பட்டுத்தான் போகிறது. வழியில் நெரிசல் என்றால் எந்தக் கார்டும் காப்பாற்றாது. கணினியிலிருந்து ரூட்டருக்கு ஈதர்நெட் கேபிள், ரூட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. ரூட்டர் நீங்கள் ஆடும் அறையிலேயே இருக்கட்டும்.

## இலவச எஸ்எம்பிஎஸ்

தம்பியின் சீட்டில் கார்டை ஒரு படி இறக்கினேன், பிராசஸரை ஏற்றினேன், ராமை இரண்டு எட்டாகப் பிரித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவன், வண்ண விளக்குகள் மின்னும் கேபினெட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வாங்கிக்கொள்ளட்டும். அதோடு இலவசமாகச் சேர்ந்து வரும், தரம் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மட்டும் அன்றைக்கே கழற்றிக் கடையிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன்.