இரண்டு பற்றரி, ஐந்து தடையி: சந்தி முறையில் மின்சுற்றைத் தீர்ப்பது எப்படி?

உயர்தரத்தில் மின்சுற்றுக் கணக்கென்றால் தொடரில் உள்ளதைக் கூட்டி, சமாந்தரத்தில் உள்ளதைச் சுருக்கி, மிச்சத்துக்கு ஓமின் விதியைப் போட்டுத் தப்பிவிடலாம். பல்கலைக்கழக முதலாம் ஆண்டில், திருகோணமலையின் கோணேசபுரி வளாகமானாலும் சரி வேறெங்கானாலும் சரி, சுற்றில் இரண்டாவது பற்றரி வந்ததும் அந்த வழி அடைபட்டுவிடும். இரண்டு பற்றரிகளுக்கு நடுவே நிற்கும் தடையி தொடரிலும் இல்லை, சமாந்தரத்திலும் இல்லை. அங்கே கைகொடுப்பது சந்தி முறை: வயர்கள் கூடும் புள்ளியே சந்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சமன்பாடு எழுதி அதன் அழுத்தத்தைக் காண்பதே முறை. இதற்குப் புதிய விதி எதுவும் தேவையில்லை. கேர்ச்சோப் 1845இல் தன் 21ஆவது வயதில், மாணவனாக இருந்தபோதே எழுதிய அதே மின்னோட்ட விதிதான்: ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டமும் அதைவிட்டுப் போகும் மின்னோட்டமும் சமம்.

தேவையானவை: ஒரு 9 வோல்ற்றுப் பற்றரி, இரண்டு பென்ரோர்ச் பற்றரி (தொடரில் போட்டால் 3 வோல்ற்று), 1 கிலோ ஓம் தடையி மூன்று (நிற வளையங்கள்: கபிலம், கறுப்பு, சிவப்பு, பொன்), 2.2 கிலோ ஓம் தடையி இரண்டு (சிவப்பு, சிவப்பு, சிவப்பு, பொன்), பிரெட்போர்ட், மல்ரிமீற்றர். கால் வாற்றுத் தடையிகளே தாராளம். நகரில் ரேடியோ, ரிவி திருத்தும் கடைகளில் சில்லறையாகக் கேட்டுப் பாருங்கள். சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ற்றின் பக்கமே போகவேண்டாம்.

படி 1: படம் வரைந்து தரையைக் குறியுங்கள்

9 வோல்ற்றின் நேர்முனையிலிருந்து 1 கிலோ ஓம் வழியாகச் சந்தி அ. அ இலிருந்து தரைக்கு 2.2 கிலோ ஓம். அ இலிருந்து 1 கிலோ ஓம் வழியாகச் சந்தி ஆ. ஆ இலிருந்து தரைக்கு 2.2 கிலோ ஓம். ஆ இலிருந்து கடைசி 1 கிலோ ஓம் வழியாக 3 வோல்ற்றின் நேர்முனை. இரண்டு பற்றரிகளின் மறைமுனைகளும் ஒரே கோட்டில் சேரவேண்டும். அந்தக் கோடுதான் தரை, அதன் அழுத்தம் 0. தரையைக் குறிக்காமல் சமன்பாடு எழுதத் தொடங்கினால், எதற்குச் சார்பாக எத்தனை வோல்ற்று என்பதே நடுவழியில் குழம்பிவிடும்.

படி 2: சந்திக்கு ஒரு சமன்பாடு

மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்று ஊகித்து அம்புக்குறி போடவேண்டாம். புள்ளிகள் பறிபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: ஒரு சந்தியில் உள்ளே வருவதை நேராக எடுத்து, அடுத்த சந்தியில் வெளியே போவதை நேராக எடுத்துவிடுவார்கள். எல்லா மின்னோட்டமும் சந்தியை விட்டு வெளியேறுகிறது என்றே எழுதுங்கள். எழுதும் சந்தியின் அழுத்தம் எப்போதும் முதலில் வரும், எதிர்முனையின் அழுத்தத்தை அதிலிருந்து கழிக்கவேண்டும். சமன்பாட்டில் அ, ஆ என்பவை அந்தச் சந்திகளின் அழுத்தங்கள்.

சந்தி அ: (அ − 9)/1 + அ/2.2 + (அ − ஆ)/1 = 0

சந்தி ஆ: (ஆ − அ)/1 + ஆ/2.2 + (ஆ − 3)/1 = 0

தடையைக் கிலோ ஓமில் போட்டதால் மின்னோட்டம் தானாகவே மில்லி அம்பியரில் வரும். ஒரு இடத்தில் 1000, இன்னொரு இடத்தில் 2.2 என்று கலந்து எழுதினால் விடை தாறுமாறாகும்.

படி 3: தீர்ப்பது

இரண்டையும் 2.2ஆல் பெருக்குங்கள்:

5.4அ − 2.2ஆ = 19.8
−2.2அ + 5.4ஆ = 6.6

அ = 4.99 வோல்ற்று, ஆ = 3.26 வோல்ற்று.

இனி ஆ இலிருந்து 3 வோல்ற்றுப் பற்றரிக்குப் போகும் மின்னோட்டத்தைப் பாருங்கள்: (3.257 − 3)/1 = 0.257 மில்லி அம்பியர். நேர்க்குறி என்பதால் அது பற்றரிக்குள் போகிறது. சின்னப் பற்றரி சுற்றுக்கு மின்னைக் கொடுக்கவில்லை, வாங்குகிறது. எதிர்த்திசையில் அம்பு போட்டிருந்தால் −0.257 என்று வந்திருக்கும், அதுவும் சரியான விடையே. மறைக்குறியைக் கண்டு பயந்து அழித்து எழுதுபவர்கள்தான் பிழைவிடுகிறார்கள்.

விடையைச் சரிபார்க்க வலுக் கணக்கு ஒன்றே போதும். 9 வோல்ற்றுப் பற்றரி கொடுப்பது 9 × 4.007, ஏறத்தாழ 36.06 மில்லி வாற்று. ஐந்து தடையிகளும் சேர்ந்து 35.29 எடுக்கின்றன, சின்னப் பற்றரி 0.77 எடுக்கிறது. கூட்டினால் 36.06.

படி 4: கட்டி அளப்பது

புதுப் பற்றரி சரியாக 9இலோ 3இலோ நிற்காது, சற்றுக் கூடவே காட்டும். சுற்றில் மாட்டியபின் இரண்டையும் அளந்து, அந்த எண்களைச் சமன்பாட்டில் போட்டுத் திரும்பத் தீர்த்துவிட்டு ஒப்பிடுங்கள். அதன்பிறகும் 0.1 வோல்ற்று முன்பின் இருந்தால் பொன் வளையம் சொல்லும் 5 சதவீதமே காரணம்.

மின்னோட்டம் அறிய மீற்றரை அம்பியரில் வைக்கத் தேவையில்லை. 1 கிலோ ஓம் தடையியின் இரு முனைக்கும் இடையே எத்தனை வோல்ற்றோ அத்தனை மில்லி அம்பியர். அம்பியரில் வைத்த மீற்றரைப் பற்றரிக்குக் குறுக்கே வைத்தால் உள்ளே இருக்கும் பியூஸ் போய்விடும். அளந்து முடிந்ததும் பென்ரோர்ச் பற்றரிகளைக் கழற்றுங்கள், அவை சார்ஜ் ஏற்றுவதற்கானவை அல்ல.

ஆ பிழையாகக் காட்டினால்

0.33 அளவில் நின்றால் சின்னப் பற்றரி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. 3.50 காட்டினால் அந்தப் பற்றரி சுற்றிலேயே இல்லை: அதன் மறைமுனை தரையில் சேரவில்லை, அல்லது பிரெட்போர்டின் ஓரக் கோடு நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது. சில போர்ட்களில் அது அப்படித்தான் வரும், சிறு வயரால் இணைக்கவேண்டும். எண் நிலையில்லாமல் ஆடினால் தடையியின் காலைப் பாருங்கள். திருகோணமலை உப்புக்காற்றில் திறந்து கிடந்த தடையியின் கால் மங்கிக் கறுத்திருக்கும். பிளேடால் இலேசாகச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

அந்த 3.50ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆ இல் சின்னப் பற்றரியும் அதன் தடையியும் இல்லாதபோது மிச்சச் சுற்று முழுவதையும் 3.50 வோல்ற்று, 0.955 கிலோ ஓம் என்று சுருக்கலாம். (3.50 − 3)/(0.955 + 1) என்று வகுத்தால் அதே 0.257 கிட்டத்தட்ட வரும். பிரெஞ்சுத் தந்திப் பொறியியலாளர் தெவெனின் 1883இல் வெளியிட்ட தேற்றம் இதுதான், பாடத்திட்டத்தில் அடுத்து வருவதும் பெரும்பாலும் அதுவே.