அனஸ்தீசியா நர்ஸ் படிப்பு: கல்லூரியிடம் தப்பாகக் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் சிஆர்என்ஏ (அறுவை சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் அனஸ்தீசியா கொடுக்கும் சிறப்பு நர்ஸ்) படிப்புக்கான நேர்முகத் தேர்வுக் காலம் வந்துவிட்டால், எங்கள் ஐசியு நர்ஸ்கள் கேள்விப் பட்டியலோடு என்னைத் தேடி வருவார்கள். நம்மூரில் பிஎஸ்சி நர்சிங் முடித்துவிட்டு இங்கே வந்தவர்களும் அதில் உண்டு. வாங்கிப் பார்த்தால், அந்தக் காலத்தில் நான் எழுதிக்கொண்டு போன அதே கேள்விகள். அங்கீகாரம் இருக்கிறதா பாருங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான சிஓஏவின் அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் தேசியச் சான்றிதழ்த் தேர்வையே எழுத முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்ப்பது

முதல் முயற்சியிலேயே நூறு சதவீதத் தேர்ச்சி என்று இணையதளத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பாதியில் வெளியேறியவர்கள் எத்தனை சதவீதம் என்பதையும் வெளியிட வேண்டும் என்பது சிஓஏ விதி. தேடி எடுத்து இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தட்டுத்தடுமாறுபவர்களை இரண்டாம் ஆண்டிலேயே கழித்துக்கட்டிவிட்டால், மிச்சம் இருப்பவர்கள் பாஸாவதில் என்ன அதிசயம்? போனவர்கள் எந்தக் கட்டத்தில் போனார்கள், பாடத்திலா கிளினிக்கலிலா (மருத்துவமனைப் பயிற்சியிலா), ஒரு பாடத்தில் தவறினால் அடுத்த பேட்ச்சோடு சேர விடுவார்களா என்று கேளுங்கள். நடுவில் வெளியே வந்தால் கடன் கூடவே வரும். படித்த கிரெடிட்டை இன்னொரு கல்லூரி ஏற்றுக்கொள்வது அபூர்வம்.

'கேஸ் எண்ணிக்கை வந்துவிடுமா?' என்று கேட்பது

இந்தக் கேள்வியைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். வராது என்று எந்தக் கல்லூரி சொல்லும்? குறைந்தது 600 கேஸ் (ஒரு நோயாளிக்கு அனஸ்தீசியா கொடுத்தால் ஒரு கேஸ்), 2,000 மணி நேரக் கிளினிக்கல் ஆகாமல் யாருக்கும் பட்டம் கொடுக்க விதியில் இடமில்லை. அதனால் எண்ணிக்கை எப்படியும் வந்துவிடும். எண்டோஸ்கோப்பி அறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை புரோப்போஃபால் என்ற மயக்க மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாலும் கணக்கு ஏறும். கை பழகுமா என்பது வேறு விஷயம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். பெரிய பயிற்சி மருத்துவமனையிலிருந்து வந்தவர், நல்ல மதிப்பெண், புத்திசாலி. அவர் பயின்ற இடத்தில் பிரசவ வார்டு முழுக்க ரெசிடென்ட் டாக்டர்கள், அதாவது மேற்படிப்புப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்கள். எபிடியூரல் (பிரசவ வலி குறைய முதுகில் போடும் ஊசி) டிரேயை ரெசிடென்ட் பிரிப்பார். இவர் நோயாளியை உட்காரவைத்துத் தோளைப் பிடித்துக்கொள்வார். பட்டத்துக்கு வேண்டிய அளவு மட்டும் இவருக்குக் கிடைத்தது, அதுவும் பகலில், முதுகெலும்பு தெளிவாகத் தட்டுப்படும் ஒல்லியான நோயாளிகளாகப் பார்த்து.

எங்கள் இடத்தில் இரவில் அனஸ்தீசியாவுக்கு டாக்டர் கிடையாது. அதிகாலை இரண்டு மணி, வலியில் ஒரு நிமிடம் அசையாமல் உட்கார முடியாத கர்ப்பிணி. ஊசியை உள்ளே செலுத்தும்போது சிரிஞ்சின் பிஸ்டன் விரலை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். லிகமென்டம் ஃப்ளேவம் என்ற முதுகெலும்புத் தசைநாரைத் தாண்டியதும் சட்டென்று தடை விட்டுப்போகும். அங்கே நிறுத்தாமல் இன்னும் சில மில்லிமீட்டர் போனால் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள டியூரா உறையில் ஓட்டை, அந்தத் தாய்க்கு நாள்கணக்கில் தலைவலி. இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விரலுக்குத்தான் தெரியவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு, நல்லவேளையாக என்னை அழைத்தார். அதற்கப்புறம் பழையபடி ஒருவர் மேற்பார்வையில் பயிற்சி. தனியாக இரவு டியூட்டி பார்க்க அனுமதி வரும்வரை ஆன்கால் (அழைத்தால் வரும் டியூட்டி) பணமும் இல்லை.

2001-இல் அயோவா தொடங்கி பல மாநிலங்கள், சிஆர்என்ஏவுக்கு டாக்டர் மேற்பார்வை வேண்டும் என்ற, மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விதியிலிருந்து விலகிக்கொண்டன. கிராமப்புற மருத்துவமனைகள் பலவற்றில் அனஸ்தீசியா என்றால் சிஆர்என்ஏ மட்டும்தான். அந்த மாதிரி இடத்தில் வேலை பார்க்க ஆசைப்பட்டால் இப்படிக் கேளுங்கள்: சென்ற பேட்ச்சில் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை எபிடியூரல், எத்தனை நரம்பு பிளாக் (ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி) தன் கையால் போட்டார்? ஆகக் குறைவாகப் போட்டவருக்கு எத்தனை? அதே இடத்தில் ரெசிடென்ட்கள் இருந்தால் முதல் வாய்ப்பு யாருக்கு? சிஆர்என்ஏ மட்டுமே இருக்கும் மருத்துவமனையில் எத்தனை வாரம் விடுவீர்கள்? மாணவர்கள் ஒவ்வொரு கேஸையும் பதிவு செய்கிறார்கள், ஆகவே இந்த எண்கள் கல்லூரியிடம் இருக்கும். கணக்கு இல்லை என்று மழுப்பினால் அதுவே பதில்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா?

முடியாது. கேட்கவும் வேண்டாம்.

கல்விக் கட்டணத்தை மட்டும் கூட்டுவது

2022 முதல் சேர்பவர்கள் எல்லோருக்கும் டாக்டரேட்தான், குறைந்தது 36 மாதம். அத்தனை மாத ஐசியு சம்பளம் போவதையும் செலவில் எழுதுங்கள். அப்புறம் கிளினிக்கல் தளங்கள் எங்கெங்கே என்று கேளுங்கள். சில தளங்கள் மூன்று மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும். வீட்டு வாடகையும் கொடுத்து, அங்கே ஒரு அறைக்கும் கொடுக்க வேண்டும். தங்குமிடத்தைக் கல்லூரி பார்த்துத் தருமா, தளங்களை யார் ஒதுக்குகிறார்கள், குழந்தை இருப்பவர்களுக்கு மாற்றித் தருவார்களா? கடன் கணக்கையும் புதிதாகப் போடுங்கள்: 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு மேற்படிப்புக்குத் தந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. அண்ணன், அக்கா அதில்தான் படித்தார்கள் என்பது இனி உதவாது.

விடுமுறை எத்தனை நாள்?

மாணவர் கையேட்டில் இருக்கிறது.

இயக்குநரிடம் மட்டும் பேசிவிட்டு வருவது

நேர்முகத்தன்று கல்லூரி கூட்டிவந்து உட்காரவைக்கும் மாணவர் நல்லதைத்தான் சொல்வார். வெளித்தளத்தில் இருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் எண்ணைத் தெரிந்தவர்கள் மூலம் வாங்குங்கள். கல்லூரி ஆசிரியர் கடைசியாக எப்போது அங்கே வந்து பார்த்தார், சொல்லித்தராமல் கத்தும் பயிற்றுநரைப் பற்றிப் புகார் சொன்னால் என்ன நடந்தது, இந்த இரண்டையும் கேட்டால் போதும். மாலை ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். மறுநாள் கேஸ்களுக்கு கேர் பிளான் (ஒவ்வொரு நோயாளிக்குமான அனஸ்தீசியா திட்டம்) எழுதிக்கொண்டிருப்பார்கள், ஆனாலும் பேசுவார்கள்.