இம்ப்ளான்ட் தேர்வு: மேலே வரப்போகும் பல்லில் இருந்து தொடங்குங்கள்

கோயம்புத்தூரில் ஒரு பல் லேபில் 22 வருடமாக வேலை செய்கிறேன். பல் போன இடத்தில் டாக்டர் தாடை எலும்பில் இம்ப்ளான்ட் என்ற ஸ்க்ரூவை வைத்து, அளவு எடுத்து அனுப்புவார். அதன்மேல் உட்காரும் பல் எங்கள் மேஜையில் தயாராகும். அதனால் சொந்தக்காரர்களில் யாருக்கு இம்ப்ளான்ட் என்றாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். "சுவிஸ் கம்பெனியா, கொரியாவா, எது நல்லது?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நான் கேட்பது வேறு: எந்த இடத்துப் பல்? அதைத் தினமும் யார் சுத்தம் செய்வார்கள்? பத்து வருடம் கழித்து லூசானால் எப்படிக் கழற்றுவது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் எந்த வகை என்பது பாதி முடிவாகிவிடும்.

முதலில், உள்ளே போவது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். எலும்புக்குள் இருக்கும் ஸ்க்ரூ, ஈறுக்கு மேல் எழும்பும் அபட்மென்ட், அதன்மேல் பல் வடிவில் கேப். பெரும்பாலும் ஸ்க்ரூவும் அபட்மென்ட்டும் தனித்தனியாக வரும், ஒரு பொடி ஸ்க்ரூ இரண்டையும் பிடித்திருக்கும். இரண்டும் ஒட்டிய ஒரே துண்டு வகையும் உண்டு. கீழ்த்தாடை முன்பற்கள் போன்ற குறுகலான இடத்துக்கு அது உதவும். ஆனால் வெளியே நீளும் பாகம் உடைந்தால் அதை மட்டும் மாற்ற முடியாது, எலும்பில் இருந்தே எடுக்க வேண்டி வரலாம். இடம் இருக்கிறவர்களுக்கு இரண்டு துண்டு வகையைத்தான் சொல்வேன்.

கடவாய்ப் பல் என்றால் அகலத்தைக் கேளுங்கள். பொதுவாக 4 முதல் 5 மில்லிமீட்டர் விட்டமும், 8 முதல் 12 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஸ்க்ரூ வைப்பார்கள். பக்கத்துப் பல்லில் இருந்து ஒன்றரை மில்லிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கீழ்த்தாடையில் ஓடும் நரம்புக்கு மேலே 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். இதையெல்லாம் அளக்க, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேண்டும். முழுத் தாடையையும் தட்டையாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே படத்தில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது. மேல்தாடைக் கடவாயில் சைனஸ் என்ற காற்றறை இறங்கி வந்திருந்தால், எலும்புத்தூள் வைத்து உயர்த்துவதா, 6 மில்லிமீட்டர் குட்டை ஸ்க்ரூ போதுமா என்று டாக்டரிடம் பேசுங்கள். செலவு மிச்சம் என்று 3 மில்லிமீட்டர் ஒல்லி ஸ்க்ரூவில் பெரிய கடவாய்ப் பல்லை ஏற்றச் சொல்லி அனுப்புவார்கள். வாயின் அச்சு மாடலில் பார்த்தாலே மனது கேட்காது. குச்சிமேல் தட்டு வைத்த மாதிரி நிற்கும். கீழே சாப்பாடு சிக்கும், கடிக்கக் கடிக்க ஸ்க்ரூ தளரும்.

அடுத்து, கேப்பை எதில் பிடிக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். நிறையப் பேருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. சிமென்ட் வைத்து ஒட்டலாம், அல்லது கேப்பின் நடுவில் ஒரு துளை விட்டு ஸ்க்ரூவால் முடுக்கலாம். முடுக்கியபின் துளைக்குள் டெஃப்லான் டேப்பைச் சுருட்டி அடைத்து, மேலே பல் நிற கலவையால் மூடுவார்கள். உற்றுப் பார்த்தால் சின்ன வட்டமாகத் தெரியும், அவ்வளவுதான். எப்போது வேண்டுமானாலும் அந்த மூடியை எடுத்துவிட்டுக் கழற்றலாம். சிமென்ட்டில் இந்த வசதி குறைவு. அதைவிட எனக்குப் பயம், ஈறுக்கு அடியில் தங்கிவிடும் சிமென்ட்தான். மறுபடி செய்ய எங்களிடம் திரும்பி வரும் கேப்களின் விளிம்பில் கெட்டியான மஞ்சள் வளையமாக அதைப் பார்த்திருக்கிறேன். அங்கே கிருமி சேர்ந்து ஈறு வீங்கும், மெல்ல எலும்பும் கரையும். கடவாயில் ஸ்க்ரூ வகை முடியுமா என்று அவசியம் கேளுங்கள். முடியாது, சிமென்ட்தான் என்றால், விளிம்பு ஈறு மட்டத்துக்கு அருகிலேயே இருக்கட்டும், மிச்சம் துடைப்பதற்குக் கை எட்ட வேண்டும்.

முன்பல் கதை வேறு. அங்கே உதட்டுப் பக்க எலும்பு தாள் மாதிரி மெல்லியது, பல்லைப் பிடுங்கியபின் சீக்கிரம் சுருங்கும். ஸ்க்ரூ கொஞ்சம் வெளியே சாய்ந்தாலும் துளை உதட்டுப் பக்கம் வந்துவிடும். அதனால் முன்பல்லுக்கு முதலில் தற்காலிகப் பல்லின் வடிவத்தை முடிவு செய்து, அதற்குத் தக்கபடி ஸ்க்ரூ வைக்கும் டாக்டரைத் தேடுங்கள். ஈறு மெல்லியதாக இருந்தால் உலோகம் சாம்பல் நிறமாக நிழலிடும். அப்படிப்பட்டவர்களுக்கு டைட்டானியம் அடிமேல் சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் வகை அபட்மென்ட் செய்து கொடுக்கிறோம். ஸ்க்ரூவே சிர்கோனியாவிலும் வருகிறது, உலோகம் வேண்டாம் என்பவர்கள் கேட்கலாம். டைட்டானியத்துக்கு இருக்கிற நீண்ட அனுபவம் அதற்கு இல்லை. எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளர்வதை ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் 1952-ல் முயல் எலும்பில் கவனித்தார். 1965-ல் முதல் மனிதருக்கு வைத்தார்.

வாயில் பல்லே இல்லாதவர்களுக்கு, என் அம்மாவுக்குச் செய்ததைச் சொல்கிறேன். 71 வயது, கழற்றி மாட்டும் கீழ்ப் பல் செட் நாக்கு அசைந்தாலே மிதக்கும். ஒரு கிளினிக்கில் நான்கு ஸ்க்ரூவில் நிலையான பல், இன்னொரு கிளினிக்கில் ஆறு என்றார்கள். "ஏங்கண்ணு, செட்டு ஆடாம இருந்தாப் போதாதா?" என்றார் அம்மா. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நிலையான பல்லுக்கு அடியில் தினமும் நூல் கோத்துச் சுத்தம் செய்ய வேண்டும், அம்மாவின் விரல்களில் வாதம். கீழ்த்தாடையில் முன்பக்கம் இரண்டே ஸ்க்ரூ வைத்து, அதில் 'டக்' என்று மாட்டும் செட் செய்தோம். கீழ்த்தாடைக்குக் குறைந்தபட்சம் இதுவே முதல் தேர்வாக இருக்கட்டும் என்று 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களும் சொன்னார்கள். செட்டுக்குள் இருக்கும் நைலான் வளையத்துக்குப் பிடிமானத்துக்குத் தக்க நிறம் உண்டு. முதலில் நிறமில்லாத இறுக்கமானதைப் போட்டோம், அம்மாவால் கழற்ற முடியாமல் கண் கலங்கிவிட்டார். ரோஸுக்கு மாற்றினோம், அப்புறம் நீலம். நீலத்தில் அவரே கட்டை விரலால் தூக்கிக் கழற்றி, குழாயடியில் கழுவிக்கொள்கிறார். நைலான் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

"மூன்றே நாளில் நிலையான பல்" என்ற விளம்பரங்களில் பெரும்பாலும் பேசல் வகைதான் இருக்கும். எலும்பு மிகவும் கரைந்தவர்களுக்கு, அடியில் இருக்கும் கெட்டி எலும்பைப் பிடித்து நிற்கும் நீளமான ஒரே துண்டு ஸ்க்ரூ அது. தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. எலும்பு நன்றாக இருக்கிறவர் வேகத்துக்காக மட்டும் அதற்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்று தளர்ந்தால் மேலே பற்கள் ஒன்றாக இணைந்திருக்கும் மொத்த பிரிட்ஜையும் வெட்ட வேண்டி வரலாம்.

சர்க்கரை, புகை, எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை போடும் மாத்திரை, இந்த மூன்றையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். எந்த வகை என்பதைவிட, இப்போது வைக்கலாமா என்பதையே அவை மாற்றிவிடும்.

கம்பெனிப் பெயரைக் கடைசியில் பாருங்கள். ஐந்து வருடம் கழித்தும் அதற்கான அபட்மென்ட், ஸ்க்ரூ, அதை முடுக்கும் டிரைவர் இந்த ஊரில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. போன வருடம் ஒருவர் ஆடுகிற கேப்போடு வந்தார். வேறு ஊரில் வைத்தது, என்ன கம்பெனி என்று எந்தச் சீட்டிலும் இல்லை. லேபில் இருக்கும் டிரைவர் ஒவ்வொன்றாக டாக்டருக்கு அனுப்பினோம், எதுவும் பொருந்தவில்லை. எக்ஸ்ரே படத்தை வைத்து ஒவ்வொரு சப்ளையராகக் கேட்டுக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. இத்தனைக்கும் எலும்பில் ஸ்க்ரூ கல் மாதிரி இருந்தது.

ஒவ்வொரு இம்ப்ளான்ட் டப்பியோடும் ஒரு ஸ்டிக்கர் வரும். கம்பெனி, விட்டம், நீளம், லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஒன்றை உங்கள் பைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். அம்மாவின் இரண்டு ஸ்டிக்கரும் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கின்றன. போன மாதம் நைலான் மாற்றப் போனபோது அம்மாவே கவரோடு எடுத்து நீட்டினார்.